கட்டாரில் திறக்குது, பக்கத்து அறையில் திறக்குதில்லை



கொஞ்சம் நீளமான பதிவு. இடைவேளையில் ஒரு பிளேன்டீயோடு உட்கார்ந்து வாசியுங்கள். பழைய மாணவர்களின் வட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமாக எங்கட பாடசாலை இணையத்தளத்தைப் பற்றி ஓடுகிற வாக்குவாதத்துக்கு அங்கேயே பதில் எழுதலாம்தான். ஆனால் அங்கே எழுதினால் பத்து நிமிடத்தில் பிறந்தநாள் வாழ்த்துக்கும் கிரிக்கெட் ஸ்கோருக்கும் கீழே போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறோம். நாங்கள் என்றால் கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் மூன்று ஆசிரியர்கள். மூவரும் கலாசாலையில் படித்தது வேறு பாடங்கள். கணினி தெரிந்த ஆட்கள் என்று பெயர் வந்தது பிறகு, கையைச் சுட்டுக்கொண்டு.

இந்தத் தளம் ஏன் வந்தது என்பதை முதலில் ஞாபகப்படுத்துகிறோம். 2022 மார்ச் மாதத்தை ஹுன்னஸ்கிரியவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. அதே மாதம் மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். கொழும்பிலேயே கடதாசி இல்லை என்றால் இந்த மலைக்கு எப்படி வரும்? ரோனியோ அடிக்க முடியாது, போட்டோகொப்பிக் கடையில் ஒரு பக்கத்துக்குச் சொன்ன விலையைக் கேட்டுப் பெற்றோர் திரும்பிப் போனார்கள். அப்போதுதான் யோசித்தோம். கடந்தகால வினாத்தாள்களையும் எங்கட குறிப்புகளையும் ஓர் இடத்தில் போட்டுவைத்தால் பிள்ளைகள் திரையில் பார்த்தாவது செய்வார்கள்.

பழைய மாணவர் ஒருவர் தன் அலுவலகத்தில் கழித்துவிட்ட கணினி ஒன்றைத் தந்தார். அதில் லினக்ஸ் போட்டு, ஒரு வலைச் சேவையகத்தை ஏற்றி, கணினி அறைக்கு அடுத்த சிறிய ஸ்டோர் அறையில் மேசைக்கு அடியில் வைத்தோம். பாடசாலைக்கென்று எஸ்சிஎச் டொட் எல்கே முடிவோடு ஒரு பெயர். வெளியிலிருந்து அந்தப் பெயரைத் தட்டினால் எங்கட இணைய இணைப்பின் முகவரிக்கு வரும், ரவுட்டர் அதை ஸ்டோர் அறைக் கணினிக்குத் திருப்பிவிடும். வேலை செய்தது. முதல் நாளே கட்டாரிலிருந்து ஒருவர் எழுதினார்: "மாஷா அல்லாஹ் சேர், சூப்பர் ஸ்பீட்." ரியாத்திலிருந்து இன்னொருவர் படம் எடுத்து அனுப்பினார். எங்களுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அந்த வாரமே தரம் 11 பிள்ளை ஒருத்தி பாடசாலை விட்ட பிறகு கணினி அறைக்கு வந்தாள். வீடு மலைக்கு அந்தப் பக்கம். சிக்னல் கிடைக்கிற இடத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும், வாப்பாவின் போனில் ரீலோட் இருந்தால்தான் அதுவும். கணித வினாத்தாள் ஒன்றைப் பார்க்க வந்தவள் பெயரைத் தட்டிவிட்டுக் கூப்பிட்டாள். "சேர், இது ஏதோ பாஸ்வேர்ட் கேக்குது." பார்த்தால் ரவுட்டரின் உள்நுழைவுப் பக்கம். மறுபடி தட்டச் சொன்னோம். அதே பக்கம். வேறு கணினியில் தட்டச் சொன்னோம். அதே பக்கம். "நாளைக்கு வாங்க புள்ள, நெட் பிழை போல" என்று அனுப்பிவிட்டோம். நாளைக்கும் அதேதான், மறுநாளும் அதேதான். நான்காம் நாள் அவள் வரவில்லை. கூட்டாளியிடம் வினாத்தாளை வாங்கிக் கையால் எழுதிக்கொண்டாளாம்.

அவள் உட்கார்ந்திருந்த கதிரைக்கும் வினாத்தாள் இருந்த கணினிக்கும் இடையில் ஒரு சுவர்தான். அதன் காற்றாடி ஓடுகிற சத்தம் கூட அவளுக்குக் கேட்டிருக்கும். வெளிநாட்டில் இருக்கிற, சாதாரண தரம் எழுதி இருபது வருடமான ஆளுக்குத் திறக்கிற கதவு, யாருக்காகக் கட்டினோமோ அந்தப் பிள்ளைக்குத் திறக்கவில்லை. நாங்கள் மூவரும் அதைத் தளத்தின் பிழை என்றோ நெட்டின் பிழை என்றோ நினைத்து மாதக்கணக்கில் கிடந்தோம். அது எங்கட பிழை. பிள்ளையின் கதிரையில் உட்கார்ந்து ஒரு தடவையாவது திறந்து பார்க்காமலே "தளம் தயார்" என்று அறிவித்திருந்தோம்.

ஏன் இப்படி நடக்கிறது என்று பலர் கேட்டீர்கள். பாடசாலைத் தொலைபேசியை நினைத்துப் பாருங்கள். வெளியிலிருந்து யாராவது பாடசாலை நம்பருக்கு எடுத்தால் அலுவலகத்தில் மணி அடிக்கும், "ஸ்டோர் அறைக்குக் கொடுங்கோ" என்றால் கொடுப்பார்கள். அதே அலுவலகத் தொலைபேசியைக் கையில் எடுத்து அதே பாடசாலை நம்பரை நீங்களே அழுத்திப் பாருங்கள். எங்கேஜ் சத்தம்தான் கேட்கும். தன் நம்பருக்குத் தானே எடுப்பது எப்படி என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது. ரவுட்டரும் அப்படித்தான். உள்ளே இருக்கிற கணினி ஒன்று பாடசாலையின் வெளி முகவரியைக் கேட்டால், "அது நான்தானே, என்னைத்தான் கேட்கிறார்கள்" என்று எண்ணித் தன் சொந்த உள்நுழைவுப் பக்கத்தைக் காட்டிவிடுகிறது.

இந்த இரட்டை முகவரி எங்கிருந்து வந்தது? இணைய முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடிதான் இருக்கும்படி ஆரம்பத்தில் அமைத்துவிட்டார்கள். அது போதாது என்று தெரிந்ததும், 1994 இல் ஒரு வழி சொன்னார்கள். ஒரு கட்டடம் முழுவதற்கும் வெளியே ஒரு முகவரி, உள்ளே அவரவருக்குத் தனி உள்முகவரி, நடுவில் ஒரு பெட்டி மாற்றிக்கொடுக்கும். உள்முகவரிகளுக்கென்றே சில எண்களை ஒதுக்கினார்கள். உங்கள் வீட்டு ரவுட்டரில் 192.168 என்று தொடங்குகிறதே, அது அதில் ஒன்று. தற்காலிக ஏற்பாடு என்று வந்தது இன்றுவரை நிற்கிறது. 2011 பெப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு முடிந்தே போனது.

உள்ளேயிருந்து வெளி முகவரிக்குப் போய் உள்ளேயே திரும்பி வருவதற்கு ஆங்கிலத்தில் 'ஹேர்பின்' என்று பெயர். கொண்டை ஊசி. இதை வாசித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. மஹியங்கனைப் பாதையில் பதினெட்டு வளைவில் பஸ்ஸில் வாந்தி எடுத்து வளர்ந்த ஆட்களுக்கு ஹேர்பின் என்றால் என்ன என்று யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. சின்ன வேன் ஒரே மூச்சில் திரும்பிவிடும், நீளமான லொறி வளைவில் நின்று பின்னுக்கு எடுத்து எடுத்துத்தான் திரும்பும். சில ரவுட்டர்கள் திரும்பும், சில ரவுட்டர்கள் நடுவழியில் நிற்கும். இணையத்தின் விதிகளை எழுதுகிற பொறியியலாளர்கள் 2007 இலும் 2008 இலும் வெளியிட்ட ஆவணங்களில், இப்படியான பெட்டிகள் ஹேர்பின் திரும்பியே ஆக வேண்டும் என்று கட்டாயமாக எழுதிவைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் திரும்பத் தெரியாத பெட்டிகள் வீட்டுக்கும் பாடசாலைக்கும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய ஆளுக்கு அப்படி ஒரு சொல் இருப்பதே தெரியாது.

வேறு ரவுட்டர் ஒன்றை இரவல் வாங்கியும் பார்த்தோம். இப்போது உள்நுழைவுப் பக்கம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்கும் காரணம் பிறகுதான் விளங்கியது. பிள்ளையின் கணினி வெளி முகவரிக்குக் கேள்வி அனுப்புகிறது. ரவுட்டர் அதை ஸ்டோர் அறைக்குத் தள்ளுகிறது. ஸ்டோர் அறைக் கணினி, "கேட்டவர் பக்கத்து அறைதானே" என்று ரவுட்டரை விட்டுவிட்டு நேராகப் பதில் கொடுக்கிறது. பிள்ளையின் கணினியோ, "நான் கேட்டது இன்னாரிடம், பதில் யாரோ முகம் தெரியாத ஆளிடமிருந்து வருகிறது" என்று அதைக் குப்பையில் போடுகிறது. பதில் வந்து சேர்ந்தும் பயனில்லை. ரவுட்டர் போகும்போது அனுப்புநர் பெயரையும் மாற்றி எழுதினால்தான் பதில் வந்த வழியே திரும்பும். இரவல் பெட்டி அதைச் செய்யவில்லை.

பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றுகிற இந்தக் கதை நாடுகளுக்கும் நடந்திருக்கிறது. கென்யாவில் ஒரே நகரத்தில் இரண்டு கம்பனிகளின் வாடிக்கையாளர்கள் ஒருவருக்கொருவர் மின்னஞ்சல் அனுப்பினால் அது செய்மதி வழியாகக் கடல் கடந்து போய்த் திரும்பி வந்தது. 2000 ஆம் ஆண்டு கடைசியில் உள்ளூர்க் கம்பனிகள் சேர்ந்து நைரோபியில் ஒரு பரிமாற்று நிலையம் போட்டார்கள். ஏகபோக உரிமை வைத்திருந்த தொலைபேசி நிறுவனம் முறையிட, சில வாரங்களில் அதை மூடவைத்தார்கள். 2002 இல்தான் மறுபடி திறந்தது. இந்தியா 2003 இல் அப்படி ஒன்றைத் தொடங்கியது. நம் நாட்டிலும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2020 இல் கொரோனாவுக்காகப் பல்கலைக்கழகங்களை மூடியபோது, மாணவர்கள் தங்கள் பல்கலைக்கழகத்தின் கற்றல் தளங்களை டேட்டாக் கட்டணம் இல்லாமல் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். லேர்ன் என்கிற நம் கல்வி ஆராய்ச்சி வலையமைப்புக்குள் அந்தச் சேவையகங்கள் இருந்தபடியால் அது முடிந்தது. பாடம் நம் வீட்டுக்குள் இருந்தது, அதனால் வீட்டுக்குள்ளேயே பரிமாற முடிந்தது. பாடசாலைப் பிள்ளைகளின் நிலைமை வேறு. 2021 இல் பதுளை மாவட்டம் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டு வழியே மலை ஏறிய படங்கள் வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் வந்தன. எங்கட மலையில் எடுத்த படமில்லை. எடுத்திருந்தாலும் ஒரே மாதிரித்தான் இருந்திருக்கும்.

சரி, எப்படித் திருத்தினோம்? முதலில் குறுக்கு வழியில்தான் போனோம். ஒவ்வொரு கணினியிலும் 'ஹோஸ்ட்ஸ்' என்று ஒரு சின்னக் கோப்பு இருக்கிறது. அதில் "இந்தப் பெயர் என்றால் 192.168.1.10" என்று ஒரு வரி எழுதிவிட்டால் அந்தக் கணினி வேறு யாரிடமும் கேட்காது. 1983 இல் இப்போதைய பெயர் முறையை உருவாக்கும் முன் இணையம் முழுவதும் இப்படித்தான் ஓடியதாம். கலிபோர்னியாவில் ஓர் அலுவலகம் ஒரே பட்டியலைப் பராமரிக்க, மற்ற எல்லோரும் அதைப் பிரதி எடுத்துக்கொண்டார்கள். நாங்களும் கணினி கணினியாக உட்கார்ந்து எழுதினோம். கணினி அறையில் தளம் திறந்தது. ஆனால் ஆசிரியர்களின் போன்களில் இல்லை, ஒரு பிள்ளை கொண்டுவந்த டெப்பிலும் இல்லை. அவற்றில் அந்தக் கோப்பை லேசில் தொட முடியாது.

"பெயர் எதற்கு, 192.168.1.10 என்று பலகையில் எழுதிப்போடுங்கள்" என்றார் ஒருவர். அதையும் செய்து பார்த்தோம். பூட்டுச் சின்னத்துக்குரிய சான்றிதழ் பெயருக்குத்தான் தந்திருக்கிறார்கள், எண்ணுக்கு இல்லை. அதனால் சிவப்பு எச்சரிக்கை வருகிறது. எச்சரிக்கை வந்தால் "பரவாயில்லை, அழுத்துங்கோ" என்று பிள்ளைகளுக்கு நாங்களே பழக்க வேண்டுமா? நாளைக்கு வங்கிப் பெயரில் ஒரு கள்ளப் பக்கம் வந்தாலும் அதே விரலால்தான் அழுத்துவார்கள்.

சரியான வழி, பெயரைக் கேட்டால் பதில் சொல்கிற டிஎன்எஸ் சேவையை உள்ளேயும் ஒன்று வைப்பது. அதே பழைய கணினியில் டிஎன்எஸ்மாஸ்க் என்கிற இலவச மென்பொருள் அதைச் செய்கிறது. உள்ளே இருக்கிறவர் கேட்டால் உள்முகவரி. வெளியே இருக்கிறவர் வழக்கம்போல் வெளியே கேட்பார், வெளி முகவரி கிடைக்கும். ஒரே பெயர்தான். ரவுட்டர் ஹேர்பின் திரும்பத் தேவையே இல்லை, வளைவுக்கே போகாமல் உள்பாதையால் போய்விடுகிறோம்.

இரண்டு இடத்தில் தடுக்கி விழுந்தோம், வேறு பாடசாலை ஆசிரியர்கள் யாராவது வாசித்தால் உதவும் என்று எழுதுகிறோம். எப்போதோ கணினி திருத்த வந்த ஒருவர் எல்லாக் கணினியிலும் டிஎன்எஸ் என்ற இடத்தில் 8.8.8.8 என்று கையால் போட்டுவிட்டுப் போயிருந்தார். அது கூகுளின் பொதுச் சேவை, நல்லதுதான், ஆனால் எங்கட ஸ்டோர் அறையைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? ஒவ்வொன்றாக அழித்தோம். பிறகு, "ஒன்று படுத்தால் மற்றது இருக்கட்டும்" என்று ரவுட்டரில் இரண்டாவதாக அதே 8.8.8.8 ஐ நாங்களே எழுதிவைத்தோம். தளம் திறக்கும், ஐந்து நிமிடத்தில் திறக்காது, பிறகு திறக்கும். பேய் பிடித்த மாதிரி. இரண்டாவது என்றால் சும்மா காத்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தோம். நினைத்த நேரத்தில் அதையும் கேட்கிற கணினிகள் இருக்கின்றன. போன்களில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று ஒரு பெயரை எழுதிவைத்திருந்தாலும் இதே கதைதான், எடுத்துவிடுங்கள்.

இப்போது வாக்குவாதத்துக்கு வருவோம். தளத்தை வெளிநாட்டில் ஒரு நிறுவனத்தின் சேவையகத்துக்கு மாற்றிவிட்டு, வருடா வருடம் பழைய மாணவர் சங்கம் கட்டணம் கட்டும், ஸ்டோர் அறைக் கணினியைக் கழித்துவிடலாம் என்பது குழுவில் வந்த யோசனை. நல்ல எண்ணத்தில் சொன்னது, அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நாங்கள் உடன்படவில்லை.

கணக்கு எளிது. ஒரு வகுப்பில் 35 பிள்ளைகள் ஒரே பாட வீடியோவைத் திறந்தால், அது வெளிநாட்டில் இருந்தால் 35 தடவை கடலைக் கடந்து எங்கட ஒரே கம்பி வழியாக வர வேண்டும். மாதத்துக்கென்று வாங்கிய டேட்டா பத்தாம் தேதியே முடிந்துவிடும். ஸ்டோர் அறையில் இருந்தால் ஒரு பைட் கூட வெளியே போகாது. அடுத்தது, மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் இங்கே எத்தனை நாள் என்று உங்களுக்கே தெரியும். கம்பி அறுந்த நாளிலும், கரண்ட் இருந்தால், உள்ளே இருக்கிற பிள்ளைக்கு வினாத்தாள் திறக்க வேண்டும். போன மழைக்கு அப்படி நான்கு நாள் திறந்தது. வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு அந்த நான்கு நாளும் திறக்கவில்லை, குழுவில் "சைட் டவுன்" என்று எழுதினார்கள். உண்மையில் அந்த நான்கு நாளும்தான் அது கட்டியவர்களின் நோக்கப்படி ஓடியது.

"இதெல்லாம் எதற்கு, வட்ஸ்அப்பில் போடுங்கள்" என்றும் ஒருவர் எழுதினார். 2018 மார்ச்சில் திகனைப் பக்கம் எரிந்தபோது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகும் நிறுத்தினார்கள். நிறுத்தியது சரியா பிழையா என்பது வேறு விவாதம். பிள்ளைகளின் குறிப்புகள் முழுவதையும் வேறொருவரின் ஒரு பெட்டியில் போட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதை நம் பகுதிக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

மறுபக்கம் சொன்னவர்களிடமும் நியாயம் இருக்கிறது, மறைக்க மாட்டோம். மேசைக்கு அடியில் இருக்கிற பழைய கணினியை நம்பி இருப்பது ஆபத்து. அரசாங்கத்தின் லங்கா கவர்ன்மன்ட் கிளவுட்டையே 2023 ஓகஸ்டில் ரான்சம்வெயார் தாக்கி, மே மாதத்திலிருந்து வந்த மின்னஞ்சல்கள், பிரதி இல்லாததால், திரும்பக் கிடைக்காமல் போயின. அவர்களுக்கே அப்படி என்றால் எங்களுக்கு? வெளியாருக்குத் திறந்துவிட்ட கதவு வழியாக யாராவது உள்ளே வந்தால் கணினி அறை முழுவதும் மாட்டும். இது எங்களுக்கும் பயம்தான். அதனால் பிள்ளைகளின் புள்ளிகள், முகவரி, படம் எதுவும் அந்தக் கணினியில் வைப்பதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தோம்.

எங்கட யோசனை இரண்டையும் சேர்த்தது. வெளியே இருப்பவர்களுக்கு வாடகைச் சேவையகத்தில் ஒரு பிரதி இருக்கட்டும், சங்கம் அதற்கே பணம் கட்டட்டும். ரவுட்டரில் வெளியாருக்குத் திறந்த கதவை மூடிவிடுகிறோம். உள்ளே பெயரைக் கேட்டால் ஸ்டோர் அறை, வெளியே கேட்டால் வாடகைப் பிரதி. புதிதாக ஏதாவது போட்டால் இரவில் ஒரு தடவை பிரதி வெளியே போகும். சான்றிதழை இரண்டு இடத்திலும் புதுப்பிக்க வேண்டும், அது இலவசம், கொஞ்சம் தலையிடி, அவ்வளவுதான். ஆனால் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்று நிலைமை வந்தால், முதலில் உள்ளே. இதில் எங்களுக்கு இரண்டாம் பேச்சில்லை. கட்டாரில் இருக்கிற நானாவுக்கு ஒரு நாள் திறக்காவிட்டால் ஒன்றும் ஆகாது.

எங்களை உண்மையில் உறுத்துவது இடமாற்றம். எங்கள் மூவரில் ஒருவருக்கு வரும் வருடம் மாற்றம் வரலாம். போனால் அந்த ஸ்டோர் அறைக் கணினி ஏன் ஓடுகிறது என்று தெரிந்தவர் குறைவார். யாராவது தூசி தட்டும்போது வயரைக் கழற்றிவிட்டால், அடுத்தவர் மறுபடி எல்லாக் கணினியிலும் 8.8.8.8 போட்டுவிட்டுப் போவார். அதனால் ஒரு சீஆர் கொப்பியில் எல்லாவற்றையும் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். எந்தப் பெட்டி எங்கே, எந்த வரி ஏன், எது பழுதானால் முதலில் எதைப் பார்ப்பது. பாஸ்வேர்டுகள் தனியாக, ஒட்டிய கவரில், அதிபரின் அலுமாரியில். தரம் 10 பிள்ளைகள் இருவரையும் பக்கத்தில் வைத்துக் காட்டிக்கொடுக்கிறோம். அதில் ஒருத்தி எங்களைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டாள். ரவுட்டர் ஏன் தன்னைத்தானே காட்டுகிறது என்று நாங்கள் இத்தனை பந்தியில் சொன்னதை அவள் ஒரு வரியில் சொன்னாள்: "சேர், அதுக்குத் தன்ட வீட்டுக்குள்ள யார் ஈக்கிறன்டு தெரியாது."

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு. வருகிறவர்கள் முதலில் கணினி அறைக்கு வாருங்கள், பிள்ளையின் கதிரையில் உட்கார்ந்து நீங்களே பெயரைத் தட்டிப் பாருங்கள், பிறகு பேசலாம். எங்களுக்கு உடனே தேவை ஒரு யுபிஎஸ், பழையதானாலும் பரவாயில்லை, பற்றரி நாங்கள் மாற்றுவோம். 500 ஜிபிக்கு மேல் பாவிக்காத ஹார்ட் டிஸ்க் யாரிடமாவது இருந்தால் அதுவும். தெல்தெனிய வரைக்கும் கொண்டுவந்தால் போதும், அங்கிருந்து நாங்கள் பஸ்ஸில் எடுத்துக்கொள்கிறோம்.